கம்புக்கு முன் காலடி

மதுக்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் கம்பு சுழலும் ஓசையுடன் விடிகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் திறந்தவெளியில், ஏழு வயது முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் வரிசையாக நின்று சிலம்பம் பழகுகிறார்கள். சிமென்ட் ஆலைத் தொழிலாளியின் மகனும், கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவரின் மகளும் ஒரே வரிசையில் நிற்பதைக் காண்பது மனத்துக்கு நிறைவு தருவது. மைதானத்தின் ஓரத்தில் காத்திருக்கும் பெற்றோரில் நானும் ஒருவன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் மகளுக்கு வயது பதினொன்று. அவள் கம்பு பிடிக்கத் தொடங்கி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. மூன்று மணி நேரம் இடைவிடாமல் சிலம்பம் சுழற்றும் ‘சாதனை’ நிகழ்ச்சி ஒன்றுக்கு அவளுடைய பெயரையும் கேட்டார்கள். கட்டணம் செலுத்தினால் சான்றிதழும் பதக்கமும் மேடையில் ஓர் ஒளிப்படமும் கிடைக்கும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவன் நான்தான். நிகழ்ச்சி முடிந்த இரவு, தட்டின் முன் அமர்ந்தவள் நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தாள். காரணம் கேட்டபோது, “சோறு பெசைய முடியலீங்கப்பா” என்றாள்.

எலும்பு முறியவில்லை என்றும், மணிக்கட்டின் தசைநாண்கள் வீங்கியிருக்கின்றன என்றும் மருத்துவர் கூறினார். ஆறு வாரங்கள் கம்பைத் தொடக் கூடாது என்றார். எழுந்து புறப்படும்போது, “இந்த வயசுக்கு மூணு மணி நேரம்னு யாருங்க கணக்குப் போட்டது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கும் பேருந்து நேரத்துக்கும் கணக்கு வைத்திருந்த நான், அவளுடைய உடலுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையும், மூத்த ஆசான்களிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

மறுமலர்ச்சியும் அவசரமும்

சிலம்பத்துக்கு இது நல்ல காலம். தமிழ்நாட்டில் அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2022இல் சிலம்பமும் இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழகம் நடத்திய கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக அரங்கேறியது. திருவிழாக்களோடு சுருங்கிவிடுமோ என்று அஞ்சப்பட்ட ஒரு கலை, வேலைவாய்ப்புடனும் போட்டிக்களத்துடனும் இணைந்திருப்பது வரவேற்க வேண்டியதே.

ஆனால், பயன் தெரிந்தவுடன் அவசரமும் வந்துவிட்டது. சான்றிதழ் எத்தனை, பதக்கம் எத்தனை என்பதே பயிற்சியின் அளவுகோலாகி வருகிறது. பானை மீது நின்று கம்பு சுழற்றுவது, ஆணிப் பலகை மீது நின்று சுழற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சுழற்றுவது என்று புதிய ‘சாதனைகள்’ வாரந்தோறும் பிறக்கின்றன. இவற்றை நடத்துவோரில் பலர் தனியார். கராத்தே, டேக்வாண்டோ வகுப்புகளிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. எட்டு வயதில் கருப்புப் பட்டை பெற்ற பிள்ளையைப் பெருமையுடன் அறிமுகப்படுத்தும் பெற்றோரை நாம் அனைவரும் சந்தித்திருப்போம்.

இதே காலத்தில் மறுபுறம் இன்னொரு காட்சி. உலக அளவில் 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019இல் தெரிவித்தது. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை இயக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள்களேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகள் செய்ய வேண்டும் என்பது அந்நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பெரும்பாலான பிள்ளைகள் அசைவதே இல்லை. அசையும் சில பிள்ளைகளையோ நாம் அளவின்றி அசைக்கிறோம்.

வளரும் எலும்பின் கணக்கு

சிறுவரின் உடல், பெரியவரின் உடலுடைய சிறிய வடிவம் அன்று. கை, கால் எலும்புகளின் முனைகளுக்கு அருகே ‘வளர்தட்டு’ எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. எலும்பு நீள்வது அங்கேதான். முற்றிய எலும்பைக் காட்டிலும் அது மென்மையானது. மணிக்கட்டில் இந்தத் தட்டு பெண்களுக்கு ஏறத்தாழ 15 முதல் 17 வயதிலும், ஆண்களுக்கு 17 முதல் 19 வயதிலும்தான் முழுமையாக எலும்பாக மாறி மூடுகிறது.

சிமென்ட் ஊரில் வாழும் எங்களுக்கு இதை விளக்குவது எளிது. கான்கிரீட் தளம் போட்ட மறுநாளே மேற்பரப்பு கல்போல இறுகித் தெரியும். அதற்காக எந்தக் கொத்தனாரும் அன்றே சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்துவிட மாட்டார். தண்ணீர் விட்டு, நாள் விட்டு, தளம் தன் வலிமையை அடையக் காத்திருப்பார். கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பதுதான் பொறியியல் வழக்கம். வீட்டுத் தளத்துக்கு நாம் காட்டும் அந்தப் பொறுமையைப் பிள்ளைகளின் எலும்புக்கும் காட்ட வேண்டும்.

திடீர் அடியால் வரும் காயம் கண்ணுக்குத் தெரியும். ஒரே அசைவைப் போதிய ஓய்வின்றித் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயம் தெரியாது. முதலில் பயிற்சிக்குப் பின் மட்டும் வலிக்கும். பிறகு பயிற்சியின்போதும் வலிக்கும். முடிவில் ஓய்விலும் வலிக்கும். சிலம்பத்தில் மணிக்கட்டும் தோளும், உதைக்கும் கலைகளில் முழங்காலும் இடுப்பும் இதற்கு ஆளாகக் கூடியவை. கைகளை ஊன்றிப் பழகும் ஜிம்னாஸ்டிக்ஸ் சிறார்களிடம் மணிக்கட்டின் வளர்தட்டு பாதிக்கப்படுவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும்.

அமெரிக்காவில் சிறுவர்களுக்கான ‘லிட்டில் லீக்’ பேஸ்பால் அமைப்பு, 2007 முதல் ஒரு சிறுவன் ஒரு நாளில் எத்தனை முறை பந்தை எறியலாம் என்பதற்கு வயதுவாரியாக உச்சவரம்பு விதித்துள்ளது. 9, 10 வயதுச் சிறுவனுக்கு 75 எறிதல். 11, 12 வயதுக்கு 85. எண்ணிக்கை முடிந்தால் அவன் எறிவதை நிறுத்த வேண்டும். வளரும் தோளையும் முழங்கையையும் காப்பதற்காக எறிதலை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் என் மகளின் மணிக்கட்டு எத்தனை ஆயிரம் முறை சுழன்றிருக்கும் என்பதை எண்ண அங்கே ஒருவரும் இல்லை. கடிகாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எடை தூக்கினால் உயரம் குறையுமா?

அவசரம் ஒரு பிழை என்றால், அச்சம் இன்னொரு பிழை. “எடை தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடும்” என்ற நம்பிக்கை கொங்கு வட்டாரத்தில் மட்டுமன்றி உலகெங்கும் இருக்கிறது. என் மகளின் காயத்துக்குப் பிறகு உறவினர்கள் பலரும் கூறிய அறிவுரை, “இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு” என்பதுதான்.

அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, முறையாக வடிவமைக்கப்பட்டு, தகுதியுள்ளவரின் மேற்பார்வையில் செய்யப்படும் வலுப்பயிற்சி சிறுவர்களின் உயர வளர்ச்சியையோ வளர்தட்டையோ பாதிப்பதில்லை என்று தெளிவுபடுத்துகிறது. அது எலும்பை உறுதியாக்குகிறது. மற்ற விளையாட்டுகளில் காயம் ஏற்படும் வாய்ப்பையும் குறைக்கிறது. மரத்திலிருந்தும் திண்ணையிலிருந்தும் குதிக்கும் குழந்தையின் கால்கள் தாங்கும் விசை, அதன் உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதை இயல்பாக ஏற்கும் நாம், ஒரு கிலோ எடையைக் கண்டு அஞ்சுகிறோம்.

ஒன்றை மட்டும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பருவமடையாத பிள்ளைக்கு வலு கூடும். ஆனால் தசை பருக்காது. அந்த வயதில் வலிமை கூடுவதற்குக் காரணம், மூளையும் நரம்புகளும் இருக்கும் தசையை இன்னும் திறமையாக இயக்கக் கற்றுக்கொள்வதுதான். ஆகவே, பத்து வயதுப் பையனின் புயத்தில் திரட்சி தெரியவில்லையே என்று ஏமாறுவதிலும், அதற்காகச் சுமையை ஏற்றுவதிலும் பொருளில்லை.

நம் முன்னோர் இதை ஆய்வறிக்கை இல்லாமலேயே உணர்ந்திருந்தனர். தென்மாவட்டக் கிராமங்களில் இன்றும் காணப்படும் உருண்டைப் பாறைக்கு ‘இளவட்டக்கல்’ என்று பெயர். திருமண வயதை எட்டிய வாலிபன்தான் அதைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிந்து காட்டுவான். அது சிறுவர்கல் அன்று. பெயரிலேயே வயது இருக்கிறது. மரபான சிலம்பக் களத்திலும் படிநிலை உண்டு. முதலில் காலடி, பிறகு வெறுங்கையால் குத்துவரிசை, அதன்பின் கம்பு. கம்பில் தேர்ந்த பின்னரே மான்கொம்பும் வாளும் சுருள்வாளும். ஆசானுக்கு ஆசான் இந்த வரிசை சற்று மாறலாம். ஆனால் காலடி பழகாமல் கம்பு இல்லை என்பதில் நான் சந்தித்த மூத்தவர்கள் அனைவரும் ஒருமித்து நின்றார்கள். “கம்பு கையில இருக்குதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க, அது கால்லதானுங்க இருக்குது” என்றார் எழுபதைக் கடந்த ஒருவர்.

முதல் மூன்று மாதங்கள்

புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதங்கள் அடித்தளத்துக்கு உரியவை. சொன்னதைக் கேட்டு, அதன்படி உடலை அசைக்கும் கவனம் வந்த பிறகே முறையான பயிற்சி பயன் தரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஏழு, எட்டு வயதில் வாய்க்கிறது. அதற்கு முன் ஓட்டமும் தாண்டலும் பாண்டியும் போதும். இதயக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா போன்றவை உள்ள பிள்ளைகளை மருத்துவரிடம் காட்டிய பிறகே சேர்க்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்கள், அடுத்தடுத்த நாள்களாக இல்லாமல், வலுப்பயிற்சி செய்தால் போதும். முதல் பத்து நிமிடங்கள் மெல்லோட்டமும் மூட்டுகளைச் சுழற்றுவதும். பிறகு நாற்காலியில் அமர்ந்து எழுவதுபோன்ற அரைப் பஸ்கி. அது செம்மையானதும் முழுப் பஸ்கி. தண்டால் எடுக்க முடியாத பிள்ளை, முதலில் சுவரில் கையூன்றிச் செய்யட்டும், அடுத்துத் திண்ணையில், அதன்பின் தரையில் முழங்கால் ஊன்றி, இறுதியில் முழுத் தண்டால். முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல நேராக நிறுத்துவது 15 வினாடிகள். கம்பியைப் பற்றித் தொங்குவது 10 வினாடிகள். இரு கைகளிலும் பாதி நீர் நிரப்பிய சிறு வாளிகளுடன் முதுகு நிமிர்ந்து இருபது அடி நடப்பது, பிடிக்கும் தோளுக்கும் நல்ல பயிற்சி.

பஸ்கி, தண்டால் போன்ற ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 முறை கொண்ட ஒரு செட் அல்லது இரண்டு செட் போதுமானது. கடைசி முறை செய்யும்போதும் உடலின் நிலை கலையாதிருக்க வேண்டும். கலைந்தால், அன்றைய அளவு அங்கேயே முடிந்தது என்று பொருள். பன்னிரண்டு முறையும் பிசகின்றி வருமானால் அடுத்த வாரம் சற்றே கூட்டலாம். கர்லாக்கட்டையைப் பதின்பருவத்தில், எடை குறைந்த கட்டையுடன், ஆசானின் கண்பார்வையில் தொடங்கலாம். ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையைத் தூக்கிப் பார்க்கும் போட்டி, வளரும் பிள்ளைக்கு வேண்டாம்.

கம்பு, பிள்ளையின் நெற்றி உயரத்தைத் தாண்டாததாக, எளிதில் சுழலும் எடை குறைந்த மூங்கிலாக இருக்கட்டும். வலக்கையால் சுழற்றும் அளவுக்கு இடக்கையாலும் சுழற்ற வேண்டும். ஐந்து நிமிடம் சுழற்றினால் ஓரிரு நிமிடம் காலடிக்கு மாறுவது மணிக்கட்டுக்கு ஓய்வு தரும். பங்குனி, சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடிப்பதும், கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வைப்பதும் கட்டாயம்.

மொத்த நேரத்துக்கு விளையாட்டு மருத்துவர்கள் ஓர் எளிய அளவுகோலைத் தருகிறார்கள்: பிள்ளையின் வயது எத்தனையோ, ஒரு வாரத்தில் முறையான பயிற்சி அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. ஆண்டில் இரண்டு, மூன்று மாதங்களாவது அந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகி வேறு ஆட்டங்கள். சோர்வும் தசைவலியும் இரண்டொரு நாளில் நீங்கும். மூட்டிலோ எலும்பிலோ ஒரே இடத்தில் தொடரும் வலி, வீக்கம், இரவில் விழிக்க வைக்கும் வலி ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். “பொறுத்துக்கோ கண்ணு, பழகிரும்” என்று சொல்லி அனுப்பக் கூடாது.

மோதிப் பழகும் கட்டத்தில் தலைக்கவசம் இன்றிக் களமிறங்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் தற்காப்புக் கலைகள் குறித்து வெளியிட்ட அறிக்கை, மோதல் இல்லாத பயிற்சிகளால் கிடைக்கும் பயன்களை ஏற்றுக்கொண்டு, தலையைக் குறிவைக்கும் அடிகளை எதிர்க்கிறது. தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, குழப்பம், தள்ளாட்டம் இருந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாவு டப்பாவும் எடைத் தராசும்

பயிற்சியில் சேர்ந்த சில மாதங்களில் பதின்பருவப் பையன்கள் கேட்பது புரதமாவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், உடலைப் பெருக்குவதற்காகப் புரதமாவுகளை உண்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றன. நம் வட்டாரத்தின் கொள்ளுப் பருப்பும், நிலக்கடலையும், கேழ்வரகுக் களியும், முட்டையும், தயிரும் வளரும் பிள்ளைக்குத் தேவையானதைத் தரும். விலையிலும் அவை மாவு டப்பாவின் அருகில் வாரா.

எடைப் பிரிவு உள்ள போட்டிகளில் மற்றொரு ஆபத்து உண்டு. கீழ்ப்பிரிவில் மோதினால் வெல்லலாம் என்று எண்ணி, போட்டிக்கு முன்னர் பட்டினி கிடப்பதும் தண்ணீரைத் தவிர்ப்பதும் வழக்கமாகிறது. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், இவ்வாறு விரைவாக எடை குறைக்க முயன்று சில வார இடைவெளிக்குள் உயிரிழந்தனர். அதன் பிறகே அங்கு விதிகள் கடுமையாயின. வளரும் பிள்ளையிடம் “இரண்டு கிலோ குறைத்துவிட்டு வா” என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்வது நல்லது.

ஆசானை அறிதல்

பயிற்சிக் களத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சுவரில் தொங்கும் பதக்கங்களைக் காட்டிலும் பயனுள்ள சில கேள்விகள் உண்டு. ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்? இரு பிள்ளைகளுக்கு இடையே கம்பு தொடாத இடைவெளி இருக்கிறதா? முதலுதவிப் பெட்டி எங்கே? வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை ஆசான் எப்படி நடத்துகிறார்? பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா? பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் உடனிருக்கிறாரா? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விளையாட்டுக் களத்துக்கும் பொருந்தும். ஆசான் மீதான மரியாதை, கேள்வி கேட்கும் உரிமையைப் பறித்துவிடக் கூடாது. நான் கேட்கத் தவறியதால்தான் என் மகளின் கை வீங்கியது. அந்தப் பழியில் பாதி என்னுடையது.

அரசும் செய்ய வேண்டியவை உள்ளன. சிறுவர்கள் பங்கேற்கும் ‘சாதனை’ நிகழ்ச்சிகளுக்கு வயதுவாரியான நேர வரம்பும், மருத்துவரின் இருப்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. நல்ல திட்டம். ஆனால், மூன்று மாதங்கள் அடித்தளத்துக்கே சரியாகிவிடும்; எஞ்சிய மாதங்களிலும் தொடர்ந்தால்தான் பயிற்சி உடலில் தங்கும். உடற்கல்வி வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் பழக்கமும் நிற்க வேண்டும். அந்தக் கடனைப் பிள்ளைகளின் உடல்தான் பிற்காலத்தில் அடைக்கிறது.

ஆறு வாரங்கள் கழித்து என் மகள் மீண்டும் களத்துக்குப் போனாள், வேறு ஆசானிடம். அவர் முதல் இரண்டு மாதங்கள் அவளுக்குக் கம்பு தரவில்லை. காலடி, பஸ்கி, சுவர்த் தண்டால், மீண்டும் காலடி. கூடப் படிக்கும் பிள்ளைகள் கம்பு சுழற்றும்போது தான் மட்டும் வெறுங்கையுடன் நிற்பதாக வீட்டில் வந்து அழுதாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. சென்ற மாதம் மறுபடியும் ஒரு ‘சாதனை’ அழைப்பு வந்தது. படிவத்தை அவளிடமே கொடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, “மூணு மணி நேரம் எதுக்குங்கப்பா? எனக்கு இன்னும் எடது கையே சரியா வரலை” என்றாள். படிவத்தை மடித்து வைத்துவிட்டு, கம்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.